ஞாயிறு காலை, மாசி வீதி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். மதுரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மீனாட்சியைக் கும்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடந்து பார்க்க வேண்டும். மற்ற நாளில் மூட்டை, டிரைசைக்கிள், லாரி என்று காலுக்கடியில் பார்த்தே நடக்க வேண்டியிருக்கும். ஞாயிறன்று முக்கால்வாசிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருப்பதால் நிமிர்ந்து நடக்கலாம். அப்போதுதான் ஊரின் கட்டுமானம் பிடிபடும்.

கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். சாமி எந்த மாதத்துத் திருவிழாவில் எந்த வீதியைச் சுற்றியதோ, அந்த மாதத்தின் பெயரே வீதிக்கும் வந்தது. அப்படியென்றால் சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில்தானே ஓட வேண்டும்? ஓடுவதோ மாசி வீதியில். மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம் மாறிவிட்டது, தேர் மட்டும் பழைய தடத்தை விடவில்லை.

கீழமாசி வீதியில், தேர் நிற்கும் தேர்முட்டிப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். மொத்தப் பலசரக்குக் கடைகள் பூட்டியிருந்தாலும் மிளகாய், மல்லி வாடை வீதியை விட்டுப் போயிருக்காது. அங்கிருந்து மூலை வரை நடந்து, அந்தத் திருப்பத்தின் அகலத்தைப் பாருங்கள். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்துக்கடியில் கட்டை போட்டுப் போட்டுத்தான் அதைத் திருப்ப முடியும். நேர்வீதியில் வடம் பிடிக்கிறவர்கள் பலம், மூலையில் கட்டை போடுகிறவர் சாமர்த்தியம். வண்டிகள் மறைக்காத காலையில்தான் அந்த வேலையின் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும்.

வெளி வீதி வேறு கதை. அந்தப் பக்கம் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. உள்ளே ஜனம் நெருக்கியடித்து வாழ்ந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க ஏற்பாடு செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடமே சொந்தம் என்றதும் வேலை நடந்தது. அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றும் வீதிகள் உண்டு. தெய்வத்தின் மாதங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு மேஸ்திரியின் பெயரையும் வைத்த இந்த ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிளாக்பர்ன் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண்.

இவ்வளவு நடப்பவர்கள் ராயகோபுரத்தை விட்டுவிடக் கூடாது. புதுமண்டபத்துக்குக் கிழக்கே, எழுகடல் தெருவில் இருக்கிறது. திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கி, அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரம். நிலைத்தூண் ஒவ்வொன்றும் ஒற்றைக் கல். அதில் கீழிருந்து மேல்வரை ஓடும் கொடியைப் பாருங்கள்: இலை மடிப்பும் சுருளும் துல்லியமாக இருக்கும். கை எட்டும் உயரத்தில் இருப்பதைத் தொட்டும் பார்க்கலாம். கோயிலை ஒட்டிய அந்தத் தெருவுக்கு மட்டும் ஞாயிறும் வியாபார நாள்தான். கடைக்காரர்கள் சரக்கை எடுத்துத் தொங்கவிட்டால் பாதிக் கொடி மறைந்துவிடும். அதனால் நடையை அங்கே தொடங்கிவிட்டு, பிறகு மாசி வீதிக்கு வாருங்கள்.