களனிக் கரையின் எல்லைக் கோட்டை

அரணுக்கு உறுப்பாக நீர், வெளிநிலம், மலை, நிழல் செறிந்த காடு என நான்கினை எண்ணினார் வள்ளுவர். இலங்கை வரலாற்றில் இவ்விலக்கணத்திற்கு முற்றும் பொருந்தி நின்றது மதில் சூழ்ந்த கோட்டை எதுவுமன்று. கண்டி இராச்சியமே அது. எல்லைக் காடுகளை அழியாது காத்தலும், வழிகளை ஒற்றையடிப் பாதைகளாகவே வைத்திருத்தலும், கணவாய்களில் முட்கதவு இடுதலும் கண்டி மன்னர்தம் அரசியல் நெறி. கல்லாலும் மண்ணாலும் கோட்டை கட்ட வேண்டிய தேவை, கரையோரத்தை ஆண்ட ஐரோப்பியர்க்கே இருந்தது. அத்தகைய கோட்டைகளுள் ஒன்று ஹங்வெல்லையில் எழுந்தது.

அட்டன், மஸ்கெலியா மலைகளின் நீரைத் திரட்டிவரும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடியே களனி கங்கை ஆகின்றது. ஏறத்தாழ 145 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாறு கொழும்புக்கு வடக்கே கடலை அடைகின்றது. கொழும்பிலிருந்து 30 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், அதன் இடக்கரையில், மேட்டு நிலத்தில் உள்ளது ஹங்வெல்ல. குருபெவில என்னும் பெயரோடு போர்த்துக்கேயர் காலத்திலேயே இது படைவீடாக விளங்கிற்று. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இங்குக் கோட்டை அமைத்துக் காவல் வைத்தனர். இன்னும் கிழக்கே சீதாவாக்கையிலும் ருவான்வெல்லையிலும் அவர்கள் முன்னரண்கள் கட்டியதுண்டு. கறுவாக் காடுகளைக் காக்கவும், மலையிலிருந்து இறங்கும் படையைக் கொழும்புக்கு எட்டாத் தொலைவிலேயே தடுக்கவும் இவை வேண்டப்பட்டன.

ஹங்வெல்லையின் வலிமை அதன் மதிலில் இருந்ததாகக் கொள்ளுதல் பிழை. கோட்டை சிறியது. அதன் வலிமையெல்லாம் ஆற்றில் இருந்தது. அரிசியும் வெடிமருந்தும் ஆட்களும் கொழும்பிலிருந்து படகிலேயே வந்து சேரலாம். ஹங்வெல்லையைக் கடந்து மலைக்குள் புகுந்த படைக்கோ இத்துணை கிடையாது. பகைவனை உள்ளே வரவிட்டு, வழியை அடைத்து, பசிக்கும் காய்ச்சலுக்கும் மழைக்கும் இரையாக்குவதே கண்டியரின் போர்முறை.

இவ்வேறுபாட்டை 1803ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி நோர்த் அனுப்பிய ஆங்கிலப் படை கண்டியைப் பிடித்தது. ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் காவற்படை நோயால் நலிந்து சரணடைந்து அழிந்தது. வெற்றியால் ஊக்கமுற்ற மன்னர் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் செப்டெம்பரில் தாமே சேனையுடன் இறங்கி ஹங்வெல்லையைத் தாக்கினார். காட்டுக்குள் வெல்ல முடியாதிருந்த படை வேறு. வெளிநிலத்தில் மன்னர்சேனை எதிர்கொண்ட பீரங்கி வேறு. கப்டன் பொலக் என்பாரின் சிறுபடை அச்சேனையைச் சிதறடித்தது. மன்னர் களத்தை விட்டு விரைந்து அகன்றார். அகன்றவர் தோல்விக்குப் பொறுப்பாளியாகக் கண்டது தம் தளபதி லெவுகே திசாவையை. அவர் மன்னர் ஆணையால் கொல்லப்பட்டார். இப்போர்ச் செய்திகள் பெரிதும் ஆங்கிலேயர் எழுதி வைத்தவை என்பதை மறத்தலாகாது. எனினும் மலையில் வென்றவர் சமவெளியில் தோற்றமையும், சமவெளியில் வென்றவர் மலையில் மாண்டமையும் ஓராண்டிற்குள் நிகழ்ந்த உண்மைகள்.

ஆகவே கண்டியின் வீழ்ச்சிக்குக் கோட்டை காரணமன்று, உட்பகையே காரணம். பிரதானிகள் மன்னரை வெறுத்தனர். எஹெலேபொலை ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். 1815 ஜனவரியில் கண்டியர் சிலர் சீதாவாக்கையில் எல்லையாற்றைக் கடந்து ஒரு வீட்டைக் கொளுத்தியது போருக்குச் சாட்டாயிற்று. பெப்ரவரியில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. வேலூரில் சிறையிருந்த மன்னர் 1832இல் அங்கேயே இறந்தார்.

எல்லை அழிந்தபின் எல்லைக் கோட்டைக்கு வேலை ஏது? 1820களில் தேசாதிபதி பார்ன்ஸ் கடுகண்ணாவை வழியே கண்டிக்குப் பெருவீதி அமைத்தார். களனிப் பள்ளத்தாக்கின் பழைய படைவழி பின்னடைந்தது. வள்ளுவர் எண்ணிய நான்கனுள் மலை ஒன்றே முன்போல் நின்றது. காட்டை வீழ்த்தியது படையன்று. முதலிற் கோப்பியும், பின்னர்த் தேயிலையும். மன்னாரில் இறங்கி மாத்தளை வழியே கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் கத்தியும் கோடரியுமே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், திக்கோயாவையும் மஸ்கெலியாவையும் தோட்டங்களாக்கின. கண்டி மன்னர் தலைமுறை தலைமுறையாய்க் காத்த அரணின் கடைசி உறுப்பு, படைக்கலம் ஏந்தாத இம்மக்கள் கையால், பிறர் ஏவலில் அகன்றது. வரலாற்று நூல்களில் அவர்களுக்கு ஒரு வரி கிடைத்தலும் அரிது.

ஹங்வெல்லைக் கோட்டை இருந்த இடத்தில் இப்போது வாடிவீடு ஒன்று உள்ளது. அகழியின் தடம் இன்னும் தெரிகின்றது. அட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்பு செல்லும் பேருந்துகள் அதற்கு அண்மையிலேயே ஓடுகின்றன. கீழே, அட்டன் மலைகளில் பெய்த மழைநீர் அதே கடலை நோக்கிச் செல்கின்றது.