பொருநை ஆற்றுக்கு ஒரு நாள்

புரோத்ராபூரில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். ஆனால் ஆறு? வடக்கு அந்தமானில் கல்பாங் ஆறு இருக்கிறது. லிட்டில் அந்தமானில் அருவி இருக்கிறது. நம் பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. தானிக்காரி அணைத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறோம். கோடையில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருப்பதும் நமக்குப் பழக்கம்தான்.

பழைய கோயில், பக்கத்தில் ஆறு, மேலே அருவி. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமா? திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும். கப்பலில் சென்னைக்குப் போகவே மூன்று நாள் போல ஆகிவிடும். அவ்வளவு தூரம் ஊருக்குப் போகிறவர்கள், பொருநை ஆற்றுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம்.

பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர். பொதிகை மலையில் பிறக்கிறது. சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடிகிற ஆறு இது. அதனால் தண்ணீருக்காக வேறு மாநிலத்தோடு சண்டை இல்லை. இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மற்றவை அதற்கும் முந்தியவை. இந்த ஆற்றை நம்பிச் சுமார் 86 ஆயிரம் ஏக்கர் நிலம் விளைகிறது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீரும் இதுதான்.

கரை நெடுகக் கோயில்கள். அவற்றுள் ஒன்பது சிவன் கோயில்களுக்கு நவகைலாயம் என்று பெயர். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர். அவர் ஆற்றில் ஒன்பது தாமரைப் பூக்களை விட்டாராம். ஒவ்வொரு பூவும் ஒதுங்கிய இடத்தில் ஒரு கோயில் வந்ததாம். கடைசிப் பூ சேர்ந்த ஊர்தான் சேர்ந்தபூமங்கலம். பெயரைப் பிரித்துப் படித்துப் பாருங்கள், கதை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதையும் ஒரே நாளில் வேனில் சுற்றி வருகிறவர்கள் உண்டு. ஆனால் அப்படிப் போனால் ஆற்றைப் பார்க்க நேரம் இராது. முதல் கோயிலான பாபநாசமும் அதன் மேலே உள்ள அருவியும் போதும்.

திருநெல்வேலியில் இருந்து பாபநாசம் சுமார் 50 கிலோமீட்டர். காலையிலேயே பேருந்து ஏறிவிடுங்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். வழியில் சேரன்மகாதேவி வரும். பிறகு கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பெயர் பெற்ற ஊர். திரும்பும்போது வாங்கலாம், இப்போதே வாங்கினால் கூட்டத்தில் நொறுங்கிவிடும். அம்பாசமுத்திரமும் விக்கிரமசிங்கபுரமும் தாண்டினால் மலை நெருங்கி வந்துவிடும்.

பாபநாசம் கோயிலுக்கு எதிரிலேயே ஆறு. சுவாமி பெயர் பாபநாசநாதர். அம்மன் உலகம்மை. அம்மன் சந்நிதி முன்னால் ஓர் உரல் இருக்கிறது. பெண்கள் விரலி மஞ்சளை அதில் போட்டு இடிக்கிறார்கள். அந்த மஞ்சள்தூள் அம்மனுக்கு அபிஷேகமாகிறது. வீட்டில் செய்கிற வேலையைக் கோயிலில் கையாரச் செய்வதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

பிறகு படித்துறைக்கு வாருங்கள். பாபநாசம் என்றால் பாவம் நீங்கும் இடம். இங்கே குளித்தால் பாவம் போகும் என்பது நம்பிக்கை. குளித்தபின் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கமும் வந்துவிட்டது. முன்பு விட்டது பருத்தி வேட்டி. அது சில மாதத்தில் மக்கிப் போகும். இப்போது விடுவது பாலியஸ்டர், நைலான். அவை எளிதில் மக்குவதில்லை. கல் இடுக்கில் மாட்டிக் கொள்கின்றன. அடியில் மணலோடு சுற்றிக் கிடக்கின்றன. குளிக்க இறங்குகிறவர் காலில் சிக்குகின்றன. நீந்தத் தெரிந்தவருக்கும் அது ஆபத்து. தொண்டர்கள் இறங்கி டன் கணக்கில் துணிகளை வாரி எடுத்திருக்கிறார்கள். எடுத்த பிறகும் துணி சேர்கிறது. ஆறு கெடுவது பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது.

இந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன. பாவத்தைப் போக்கும் ஆறு, விட்டுப்போன பழைய புடவையையும் சேர்த்துத்தானா சுமக்க வேண்டும்? ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டுக் கொண்டு வருவதால் புண்ணியம் குறைந்துவிடாது என்றே தோன்றுகிறது.

கோயிலில் இருந்து சில கிலோமீட்டர் மேலே அகத்தியர் அருவி. இது காட்டுக்குள் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இங்கே தொடங்குகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் கொண்டு போகக் கூடாது. கட்டுச்சோற்றைத் தூக்குவாளியில் கொண்டு போங்கள். குரங்குகள் மேல் ஒரு கண் இருக்கட்டும்!

குற்றாலத்தில் சாரல் காலம் முடிந்தால் அருவி வற்றிவிடும். இங்கே அப்படி இல்லை. மேலே காரையாறில் பாபநாசம் அணை இருக்கிறது. 143 அடி வரை தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். வயலுக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் விடுவதால் அருவியில் ஆண்டு முழுவதும் நீர் விழுகிறது.

அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் என்ற இடம். அங்கே 1925 ஜூன் மாதம் ஒரு துயரம் நடந்தது. வ.வே.சு. ஐயர் என்ற பெயரைக் கேட்டிருக்கலாம். லண்டனில் சாவர்க்கரின் தோழராக இருந்தவர். சாவர்க்கர் நம் அந்தமான் செல்லுலர் சிறைக்கு வந்தார். ஐயர் 1910இல் புதுச்சேரிக்குத் தப்பி வந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடியது தனிக் கதை.

அந்த ஜூன் மாதம் ஐயர் பிள்ளைகளோடு இங்கே வந்தார். மகள் சுபத்திரை நீரோடையைத் தாண்டிக் குதித்தாள். கால் தவறி விழுந்தாள். அவளைப் பிடிக்க ஐயரும் குதித்தார். இருவரையும் தண்ணீர் கொண்டு போய்விட்டது.

கல்லில் பாசி படிந்திருக்கும். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் மிகவும் பாதிக்கப்பட்டன. 'ஆழமான பகுதி', 'குளிக்கத் தடை' என்ற பலகைகளை இப்போது நீங்களே படிக்க முடியும். பிள்ளைகளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கம்பி போட்ட இடத்துக்கு உள்ளேயே குளியுங்கள்.

மாலையில் திரும்பும்போது வீரவநல்லூர்ப் பக்கம் இறங்கித் திருப்புடைமருதூர் போகலாம். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம் அது. சுவாமி நாறும்பூநாதர். இலிங்கம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். கருவூர்ச் சித்தர் அக்கரையில் இருந்து கூப்பிட, காது கொடுத்துக் கேட்கச் சாய்ந்தார் என்பார்கள். கோபுரத்தின் உள்ளே தளம் தளமாகப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. மரச் சிற்பங்களும் உண்டு. அவற்றைப் பார்க்க முடியுமா என்று கோயிலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

கோயிலைச் சுற்றி மருத மரங்கள். கூடு கட்டும் காலத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கொக்குகளும் அதில் குடியேறும். ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. 2005இல் அரசு இந்த ஊரைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. பொழுது சாயும் நேரத்தில் நாரைகள் வயலில் இருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக் கொண்டு, படித்துறையில் உட்காருங்கள்.