எழுத்தில்லா வெள்ளிக்காசு

செங்கற்பட்டுப் பகுதியில் கிணறு தோண்டுங்கால் கறுத்த வெள்ளித்துண்டு ஒன்று கிடைப்பின், கற்றோரும் முதலில் அதில் அரசன் பெயரையே தேடுவர். பெயர் காணப்படாதவிடத்துச் சங்கநூலைப் புரட்டி ஒன்றைச் சூட்டிவிடுவதும் உண்டு. இது நாணய ஆராய்ச்சிக்கும் இலக்கிய ஆராய்ச்சிக்கும் ஒருங்கே ஊறு செய்வதாகும்.

முத்திரை நாணயத்தை அதன் ஆக்கமுறையே காட்டிக்கொடுக்கும். வெள்ளியை அடித்துத் தகடாக்கித் துண்டுகளாக வெட்டுவர். எடை மிகின் மூலையை நறுக்குவர். பின்னர்ச் சிறு பொறிகளைத் தனித்தனியே வைத்து அடிப்பர். ஆதலின் ஒரு பொறி மற்றொன்றன்மேல் ஏறியிருக்கும். சில விளிம்பிற்கு வெளியே பாதி போயிருக்கும். பெருவழக்கான வகையில் முன்புறம் ஞாயிறு, ஆறு கிளையுடைய சின்னம் முதலாக ஐந்து பொறிகள் உள. எடை ஏறத்தாழ 3.4 கிராம், தேய்ந்ததாயின் குறையும். மூலை நறுக்குண்டமை பழுதன்று, எடை திருத்திய அடையாளம் என்க. மாக்கோதை என்னும் பெயரும் தலையுருவமும் கொண்ட சேரர் வெள்ளிக்காசு அச்சில் அடித்தது; இவ்வினத்தைச் சேராது.

காலத்தை உரைப்பதே அரிது. இன்று சென்னைக்குள் அடங்கிய மாம்பலம், அன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தில் இருந்தது. 1930களில் அங்கு நூற்றுக்கணக்கான முத்திரை நாணயங்களோடு அகஸ்டஸின் உரோமானிய வெள்ளிக்காசு ஒன்றும் கிடைத்தது. அகஸ்டஸ் ஆண்டது கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை. ஆகவே அப்புதையல் அதற்கு முன்னர்ப் புதைக்கப்பட்டதன்று. ஆயின் முத்திரை நாணயங்கள் சில நூற்றாண்டுகள் முந்தியனவாகவும் இருக்கலாம். வெள்ளிக்கு மதிப்புள்ளவரை பழங்காசும் கைமாறும். புதைத்த காலம் வேறு, அடித்த காலம் வேறு. மாமல்லபுரத்திற்குத் தெற்கே பாலாற்று முகத்தருகேயுள்ள வசவசமுத்திரத்தில் அகழ்ந்தெடுத்த உரோமானியச் சாடித் துண்டுகள் இக்கடற்கரையின் வாணிகத்தைக் காட்டும். அவற்றைக் கொண்டு தனிக்காசு ஒன்றின் ஆண்டைக் கணித்தல் இயலாது.

இலக்கியச் சான்றிலும் எச்சரிக்கை வேண்டும். குறுந்தொகை 67ஆம் பாட்டில் பொற்கொல்லன் நூலில் கோக்கும் காசு, கிளி அலகிற் பற்றிய வேப்பம்பழத்திற்கு உவமை கூட்டுகிறது. அஃது உருண்டை மணியேயன்றித் தட்டையான நாணயம் ஆகாது. காசு என்னும் சொல் வருமிடமெல்லாம் நாணயம் எனக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் நம்மிடையே சில அல்ல.

அந்த ஓர் உரோமானியக் காசைப் பிரித்து விற்றிருப்பின் மாம்பலப் புதையலின் காலம் நமக்கு எட்டியிராது. காசைப் புளியிட்டுத் தேய்ப்பதும் உருக்கக் கொடுப்பதும் அதனினும் கொடிது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பே, காசு கிடந்த ஆழத்தையும் உடன்கிடந்த ஓட்டையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.