சிகாகோ போகிறீர்களா? தேதி, ஏரி, பில் மூன்றிலும் கண் வையுங்கள்

சிகாகோ என்றதும் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பிள்ளைகளைப் பார்க்கவும் ஊர் சுற்றவும் போகிறவர்கள் அதைவிட எளிதாகச் சிக்கிக்கொள்ளும் இடங்கள் வேறு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் தப்பிக்கலாம்.

விசா வேறு, தங்கும் தேதி வேறு

பாஸ்போர்ட்டில் ஒட்டிய பி-2 சுற்றுலா விசாவில் பத்து வருடம் போட்டிருக்கலாம். அது அமெரிக்க வாசல் வரை வருவதற்கான அனுமதி மட்டுமே. எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை ஓஹேர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம் கிடைக்கும். கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கியதும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அதைப் பார்த்து பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

அந்தத் தேதியைத் தாண்டினால் விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டுப் புறப்பட்டால் 3 ஆண்டும், ஓராண்டைத் தொட்டால் 10 ஆண்டும் மறுபடி நுழைய முடியாது. உடம்பு முடியாமல் பயணம் தள்ளிப்போனால், தேதி முடியும் முன்பே, தங்கும் காலத்தை நீட்டிக்கக் கோரும் ஐ-539 விண்ணப்பம் போட்டுவிட வேண்டும்.

இன்னொரு பொறி கஞ்சா. இலினாய் மாநிலத்தில் 2020 முதல் 21 வயதானவர்கள் அதைக் கடையில் வாங்கலாம். ஆனால் விசா மத்திய அரசின் கையில். மத்திய சட்டம் அதைப் போதைப்பொருள் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பயன்படுத்தியதாக அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே அடுத்த முறை திருப்பி அனுப்பப்படலாம்.

ஏரிதானே என்று இறங்காதீர்கள்

மிச்சிகன் ஏரிக்கு எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. காற்றடித்தால் கடல் போலவே அலை எழும். நார்த் அவென்யூ, ஓக் ஸ்ட்ரீட் மணல்வெளிகளில் உயிர்காப்பாளர் மேடையருகே கொடி பறக்கும். பச்சை என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் திங்கள் வரைதான் உயிர்காப்பாளர் இருப்பார். அவர் பணியில் இல்லாத நேரத்தில் நீந்த அனுமதி இல்லை. அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி நீரோட்டம் இழுக்கும். குளிர்காலத்தில் கரையோரப் பனித்திட்டில் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள். அடியில் வெற்றிடம் இருக்கும். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல் மிதவை வளையத்தை வீசிவிட்டு 911-ஐ அழையுங்கள்.

இந்தக் கரையில் கால் வைக்கக் கட்டணம் இல்லை. சிகாகோ ஏரிப்படுகையை ஒரு ரயில் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892-ல் தீர்ப்பளித்தது. நீர்நிலை மக்களின் சொத்து என்ற அந்தக் கோட்பாட்டை 1996-ல் கமல்நாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

நெஞ்சு வலித்தால், பில் வந்தால்

1986-ம் ஆண்டுச் சட்டப்படி, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு உங்களிடம் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, ஆபத்தைத் தணிக்க வேண்டும். ஆனால் அது இலவசம் அல்ல. பில் பின்னாலேயே வரும். புறப்படும் முன் பயணக் காப்பீடு எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று படித்துப் பாருங்கள். பெரிய பில் வந்தால் இனவாரியாகக் கணக்குக் கேளுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கை வைத்திருப்பது கட்டாயம். உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள்.

ஓட்டல்கள் கட்டாயக் கட்டணங்களை மறைக்காமல் முழு விலையைக் காட்ட வேண்டும் என்ற மத்திய விதி 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. வரி மட்டும் தனியாக ஏறலாம். விமான நிலையத்துக்குள் வந்து "டாக்ஸி வேண்டுமா?" என்று கூப்பிடுபவரோடு போகாதீர்கள். வெளியே டாக்ஸி வரிசையில் நின்று, மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து, ரசீது வாங்குங்கள். தகராறு என்றால் வண்டி எண்ணோடு நகராட்சியின் 311-க்குப் புகார் செய்யலாம். விமானத்தை நிறுவனமே ரத்து செய்து, நீங்கள் மாற்றுப் பயணத்தை ஏற்கவில்லை என்றால், பணத்தையே திருப்பிக் கேட்கலாம்.

போலீஸ் நிறுத்தினால்

ஓடாதீர்கள், வாதாடாதீர்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் வழக்கறிஞர் கேட்கவும் உரிமை உண்டு; பொய் மட்டும் சொல்லக்கூடாது. கைதானால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேளுங்கள். வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை அது. இந்தியத் துணைத் தூதரகம் சிகாகோவிலேயே இருக்கிறது. இலங்கையர் வாஷிங்டன் தூதரகத்தை நாடலாம். தூதரகத் தொலைபேசி எண்ணையும் காப்பீட்டு எண்ணையும் போனில் மட்டுமின்றி ஒரு தாளிலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.