சனியும் செவ்வாயும் எங்கள் மொட்டைமாடியில்

எமது சமூகத்தில் கோள்களைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. செவ்வாய் என்றால் தோஷம், சனி என்றால் ஏழரை. ஆனால் அவற்றைக் கண்ணால் பார்த்த பெண்கள் எத்தனை பேர்? யுத்தத்தில் கணவனை இழந்த பெண்ணிடம் "உன்ர சாதகந்தான் அவனை விழுங்கினது" என்று உறவினர் சொன்னதை, சமூகப் பணியாளராக நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் எமது பெண்கள் குழு மாதந்தோறும் கூடுகிறது. சேமிப்பில் மிஞ்சிய பணத்தில் ஒரு தொலைகாட்டி வாங்கலாம் என்று சொன்னவர், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர். எதை வாங்குவது? அதைத் தீர்மானிக்க 2025 ஜனவரி 18ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை மாலை, கைவசமிருந்த மூன்று கருவிகளுடன் ஓர் உறுப்பினரின் தொடர்மாடி வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். அன்று மேற்கே, கடலுக்கு மேலாக, வெள்ளியும் சனியும் அருகருகே நின்றன. வியாழன் உயரத்தில் இருந்தது. செவ்வாய் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. நகர வெளிச்சம் மங்கலான உடுக்களை மறைத்துவிடும். பிரகாசமான கோள்களை மறைக்காது. ஆகவே கொழும்புவாசிகளுக்குக் கோள்களைப் பார்ப்பதே இலகு.

முதலாவது, பத்து மடங்கு பெருப்பிக்கும் 50 மில்லிமீற்றர் பைனாக்குலர். கையில் பிடித்தால் ஆடுகிறது. மதிலில் முழங்கைகளை ஊன்றிப் பார்த்தபோது வியாழனுக்கு அருகில் அதன் சந்திரன்கள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. சனியின் வளையம் தெரியவில்லை.

இரண்டாவது, ஒரு தங்கைக்கு அவளது அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய வில்லைத் தொலைகாட்டி. வில்லையின் விட்டம் 70 மில்லிமீற்றர், குவியத்தூரம் 700 மில்லிமீற்றர். குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு போட்டால் 70 மடங்கு. பெட்டியில் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தது. அதை நம்ப வேண்டாம் என்றார் ரீச்சர். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் பயன்தரும் எல்லை. அதாவது இதற்கு 140. அதற்கு மேலே போனால் உருவம் பெருக்கும், ஆனால் கலங்கிவிடும்.

மூன்றாவது, ரீச்சர் ஓட்டோவில் கொண்டுவந்த குழிவாடித் தொலைகாட்டி. ஆடியின் விட்டம் 130 மில்லிமீற்றர், குவியத்தூரம் 650. அதே பார்வைத்துண்டில் 65 மடங்கு. பெருக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 70 மில்லிமீற்றர் வில்லையை விட மூன்று மடங்குக்கும் அதிகமான ஒளியை இந்த ஆடி சேகரிக்கிறது. சிறியதில் வியாழனின் இரண்டு பட்டிகள் மங்கலாகத் தெரிந்தன. பெரியதில் அவை தெளிவாகவும், அவற்றுக்கு அப்பாலும் மெல்லிய கோடுகள் இருப்பதாகவும் தெரிந்தன. எனினும் ஓட்டோக் குலுக்கலில் ஆடி விலகியிருந்தது. அதைத் திருத்த ரீச்சருக்கே அரை மணித்தியாலம் சென்றது. குழாயின் வாய் திறந்திருப்பதால் கடற்காற்றின் உப்பு ஆடியைக் கெடுக்கும் என்ற பயமும் உண்டு. வில்லைக் கருவியிலோ பூஞ்சணம் பிடிக்காமல் உலர்வாக வைத்திருந்தால் போதும்.

வெள்ளி அரைச் சந்திரனைப் போலத் தெரிந்தது. சனியின் வளையமோ ஊசி போல ஒரே கோடாக இருந்தது. வளையம் எம்மை நோக்கி விளிம்பைக் காட்டும் காலம் நெருங்கியிருந்ததே அதற்குக் காரணம். அந்த மார்ச்சில் அது முற்றாக விளிம்புக்கு வந்தது. 1612இல் கலிலியோவும் இப்படித்தான் திகைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் சனியின் இருபுறமும் தான் கண்டவை மறைந்துவிட்டனவே என்று. அவரது கருவி பெருப்பித்தது சுமார் 20 மடங்குதான்.

வன்னியிலிருந்து வந்து எம்முடன் இணைந்த அக்கா ஒருவர் அதுவரை ஒதுங்கியே நின்றார். 2009இல் கணவரை இழந்தவர். "முந்தி நாங்கள் அண்ணாந்து பார்த்தது கிபிர் வருதோ எண்டுதான்" என்றார். பிறகு வந்து செவ்வாயைப் பார்த்தார். செவ்வாய் அவ்வாண்டு பூமிக்கு அருகில் வந்திருந்த நேரம் அது. அப்படியிருந்தும் எந்தக் கருவியிலும் சிறிய செம்பொட்டாகவே தெரிந்தது.

"இவ்வளவுதானே பிள்ளை? இதைச் சொல்லித்தான் மாமி என்னைப் பேசினவ?"

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருடைய நம்பிக்கையையும் பரிகசிப்பது எனது நோக்கமல்ல. ஆனால் சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்கு மேல் எடுக்கிறது. 1983இல் தொடங்கி 2009இல் முடிந்த யுத்த காலத்தில் அது ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. எமது இழப்புகளுக்குக் காரணம் மனிதர் எடுத்த முடிவுகள். அந்தப் பழியை ஒரு பெண்ணின் சாதகத்தில் சுமத்துவது அநியாயம்.

முடிவில் 70 மில்லிமீற்றர் வில்லைக் கருவியையே தெரிவுசெய்தோம். காட்சி சிறந்தது ரீச்சருடைய கருவியில்தான். ஆயினும் சிறியதை ஒரு பெண் தனியாகத் தூக்கிச் சென்று, யாருடைய உதவியுமின்றிப் பத்து நிமிடத்தில் பொருத்திப் பார்க்கலாம். இன்னும் பெரியதைப் பார்க்க ஆசையானால் மொறட்டுவை கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகம் உள்ளது. ஜப்பானின் அன்பளிப்பான 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி 1996 முதல் அங்கே இருக்கிறது.

வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு: பெட்டியில் உள்ள மடங்குக் கணக்கைப் பார்க்காமல் விட்டத்தைப் பாருங்கள். ஆடாத முக்காலியா என்று அசைத்துப் பாருங்கள். சூரியனை ஒருபோதும் இக்கருவிகளால் பார்க்கவேண்டாம், கண் பறிபோகும். பணமில்லையென்றால் கவலை வேண்டாம். கூட்டாக வாங்குங்கள். எங்கள் கருவி இப்போது வீடு வீடாக முறை வைத்துப் போகிறது. இம்மாத முறை அந்த அக்காவினுடையது.