நிலக்கரி சுழற்றிய கனம்

அனல்மின் நிலையம் ஒன்று மூடப்படும்போது, அது ஈன்ற மின்னோடு, நீராவியால் சுழன்றுகொண்டிருந்த பல பத்து டன் எஃகும் ஓய்ந்துவிடுகிறது. ஞாயிறு மறைந்தபின் மின்னுக்கு எங்கே போவது என்று வினவுவோர் பலர். அந்த எஃகின் இடத்தை எது நிரப்பும் என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்விரண்டில் இரண்டாவதே நுட்பமான வினா.

மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறும் கட்டமைப்பில், இருமுனை மின்னாக்கி மணித்துளிக்கு 3000 முறை சுழலும். அனல், நீர் நிலையங்களின் மின்னாக்கிகள் யாவும் அந்த ஒரே அதிர்வெண்ணிற் பிணைந்துள்ளன. எங்கேனும் ஒரு நிலையம் அறுந்துபோனால், முதற் சில நொடிகளின் பற்றாக்குறையைச் சுழலும் எஃகின் இயக்க ஆற்றலே ஈடுசெய்கிறது. கூடுதல் எரிபொருள் உலையை எட்டுவது பிறகுதான். வேக மாற்றத்தை எதிர்க்கும் இந்த இயல்பே நிலைமம்; அது அதிர்வெண்ணின் வீழ்ச்சியை மெதுவாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குக் காலம் ஈட்டித் தருகிறது. கதிரொளித் தகட்டுக்குச் சுழலும் உறுப்பில்லை. இக்காலக் காற்றாலைக்கு உண்டெனினும், இடையில் நிற்கும் மின்னணுக் கருவி அதன் சுழற்சியைக் கட்டமைப்பிலிருந்து பிரித்து விடுகிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கடைசி நிலக்கரி நிலையம் போர்ட் அகஸ்டாவில் 2016 மே மாதம் மூடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று பெரும்புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரியவே, காற்றாலைத் தொகுதிகள் சில தம் உற்பத்தியைச் சட்டெனக் குறைத்தன. குறைந்த மின் முழுவதும் அண்டை மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் பெருந்தடத்தின்மேல் ஏறியது; அத்தடமும் அறுந்தது. அதிர்வெண் வீழ்ந்த விரைவில், சுமையைக் குறைக்கும் காப்பமைவுகள் பயன் தரவில்லை. மாநிலம் முழுவதும் இருண்டது. அரசியலார் சிலர் உடனே காற்றைக் குற்றஞ்சாட்டினர். ஆய்ந்தபோது, எத்தனை மின்னழுத்தச் சரிவுகளைத் தாங்கலாம் என்று காற்றாலைகளுள் வகுத்திருந்த வரம்பே அவை பின்வாங்கக் காரணம் என்று தெரிந்தது. அவ்வரம்பு மாற்றப்பட்டது. ஆயினும் நிலைமக் குறைபாடு உண்மையாகவே இருந்தது. அதைக் காற்றின் நண்பர்கள் மறைக்க வேண்டியதில்லை.

2017 இறுதியில் அதே மாநிலத்தின் ஹார்ன்ஸ்டேலில் எழுந்த 100 மெகாவாட் மின்கலத் தொகுதி உலகப் புகழ் பெற்றது. அதனினும் என்னைக் கவர்வது, 2021இல் டேவன்போர்ட்டிலும் ராபர்ட்ஸ்டவுனிலும் இரண்டிரண்டாக நிறுவப்பட்ட, புகழ் பெறாத நான்கு பொறிகளே. அவற்றுக்கு உலையுமில்லை, நீராவியுமில்லை. கட்டமைப்பிலிருந்தே சிறிது மின் பெற்று, கனத்த உருளாழியோடு சுழல்வதே அவற்றின் தொழில். கட்டமைப்பின் நிலைப்புக்கென்றே எரிவளி நிலையங்களை ஓட்டிவந்த கட்டாயம் அவற்றால் பெரிதும் தளர்ந்தது.

2022இல் ஹார்ன்ஸ்டேல் மின்கலத் தொகுதியும் நிலைமம் வழங்க ஒப்புதல் பெற்றது. சுழலும் எஃகு இயல்பாய்ச் செய்வதை அங்கே மின்னணுக் கட்டுப்பாடு கணித்துச் செய்கிறது. இன்று அம்மாநில மின்னில் 70 விழுக்காட்டுக்கு மேல் காற்றும் கதிரும் தருவன. 2027இல் ஆண்டுக் கணக்கில் முழு நூறையும் எட்டுவது அரசின் இலக்கு. அவ்விலக்கை எட்டினாலும், காற்றடங்கிய மாலைகளில் எரிவளி எரியக்கூடும். அதையும் அணைத்துவிட்டு, பொறிகளையும் மின்கலங்களையும் மட்டுமே நம்பி ஒரு பெருங்கட்டமைப்பை ஆண்டு முழுதும் நடத்துவதே எஞ்சியுள்ள பொறியியற் பணி.