கண் இமைக்கும் நேரத்தில் கணக்குப் போடும் காமிரா!

ராத்திரி நேரம். பாட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் பேரன், பேத்திகள். "பளிச்!" பிளாஷ் விளக்கு மின்னுகிறது.

படம் வருகிறது. பாட்டியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுத்துக் கிடக்கிறது!

இன்னொரு படம். அது கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தது. அதில் பாட்டியின் முகமே தெரியவில்லை. ஒரே இருட்டு!

விளக்கு ஒன்றுதான். ஆளும் ஒருவர்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பாட்டியின் அந்தச் சிரிப்பு மறுபடியும் கிடைக்குமா?

தூரம் செய்யும் மாயம்

இதற்குக் காரணம் தூரம்தான். பிளாஷ் வெளிச்சம் போகப் போக விரிந்து, மெலிந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை. நாலில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும்!

ஆகவே, அந்தக் காலத்துப் போட்டோகிராபர்கள் மனக்கணக்கில் புலியாக இருக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு பிளாஷுக்கும் அதன் சக்தியைக் காட்டும் ஓர் எண் உண்டு. அதைத் தூரத்தால் வகுக்கவேண்டும். எண் 32, தூரம் 4 மீட்டர் என்றால் விடை 8. லென்சின் துவாரத்தை 8 என்ற அளவில் வைக்கவேண்டும்.

ஆள் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டால்? மறுபடியும் வகுத்தல்! அதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்துவிடுவார்.

மருந்து வெடித்த காலம்

அதற்கும் முந்திய காலத்தில் தொல்லை இன்னும் அதிகம். 1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியம் கலந்த ஒரு பொடியைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கொளுத்தினால் "குபீர்" என்று வெளிச்சம் வரும். கூடவே புகையும் வரும். சில சமயம் வெடித்துக் கையையும் சுட்டுவிடும்.

பிறகு கண்ணாடிப் பல்புகள் வந்தன. ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். அதன் பிறகுதான் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, திரும்பத் திரும்ப மின்னும் பிளாஷ் பரவியது.

1960-களில் தானியங்கி பிளாஷ் வந்தது. அந்த பிளாஷின் முகத்தில் ஒரு சின்ன "கண்" இருக்கும். ஆள் மீது பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அது அளக்கும். "போதும்" என்று தெரிந்ததும் விளக்கை அணைத்துவிடும்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு குறை. கண் இருப்பது பிளாஷில். படம் விழுவதோ காமிராவுக்குள்! லென்சுக்கு முன்னால் வர்ணக் கண்ணாடி மாட்டினால் உள்ளே போகும் வெளிச்சம் குறையும். அது பிளாஷின் கண்ணுக்குத் தெரியாது.

ஜப்பான் நிபுணரின் வழி

இந்தக் குறையைத் தீர்த்தது ஜப்பான் நாட்டு ஒலிம்பஸ் கம்பெனி. அங்கே யோஷிஹிசா மைத்தானி என்ற வடிவமைப்பு நிபுணர் இருந்தார். கையடக்கமான காமிராக்களைச் செய்து பெயர் வாங்கியவர். அவர் குழுவின் கைவண்ணத்தில் 1975-ல் "ஓ.எம்.-2" என்ற காமிரா வெளிவந்தது.

அதில் கண்ணைக் காமிராவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்! லென்ஸ் வழியாக வந்து பிலிம் மீது விழும் வெளிச்சத்தை அந்தக் கண் நேராகப் பார்த்து அளந்தது. அளவு சரியானதும் பிளாஷுக்கு உத்தரவு பறந்தது: "நிறுத்து!"

இதைக் குழாயடியில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா, மெதுவாக வருகிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நிரம்பியதும் குழாயை மூடிவிடலாம்.

ஆள் பக்கத்தில் இருந்தால் குடம் சீக்கிரம் நிரம்பும். தள்ளி இருந்தால் கொஞ்சம் நேரமாகும். "நேரம்" என்றால் எவ்வளவு? செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சில சமயம் அதிலும் மிகக் குறைவு!

ஆனால் தொட்டியில் தண்ணீரே தீர்ந்துவிட்டால் குடம் நிரம்பாது. அதுபோல, ஆள் ரொம்ப தூரத்தில் இருந்தால் பிளாஷின் சக்தி முழுவதும் செலவானாலும் படம் இருட்டாகத்தான் வரும்.

இன்றைய காமிரா

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது டிஜிட்டல் காமிரா. பிலிம் இருந்த இடத்தில் மின்னணுத் தகடு இருக்கிறது. அது பிலிமைப் போல வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுவதில்லை. ஆகவே வழியை மாற்றினார்கள்.

முதலில் பிளாஷ் லேசாக ஒரு மின்னல் மின்னும். அது ஒத்திகை! திரும்பி வரும் வெளிச்சத்தை லென்ஸ் வழியாகவே அளந்து, காமிரா கணக்குப் போடும். உடனே உண்மையான மின்னல் வரும். இரண்டும் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். சிலர் மட்டும் ஒத்திகை மின்னலிலேயே கண்ணை மூடிவிடுவார்கள். படத்தில் தூங்குவதுபோல் தெரிவார்கள்!

ஏமாறும் கண்

இவ்வளவு கெட்டிக்காரக் கண்ணும் ஏமாறும். எப்படி?

காமிராவுக்குப் பாட்டி யார், சுவர் எது என்ற கணக்கெல்லாம் முக்கியமில்லை. எதைக் கண்டாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறம் என்றே எண்ணித்தான் கணக்கைத் தொடங்கும். புதிய காமிராக்கள் கொஞ்சம் சமாளிக்கும். ஆனாலும் தப்பு நேரும்.

பாட்டி வெள்ளைப் புடவை கட்டியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படம் முழுவதும் வெள்ளை. காமிரா, "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்!" என்று நினைத்துப் பிளாஷைச் சீக்கிரம் அணைத்துவிடும். புடவை அழுக்கேறியதுபோல் இருக்கும். முகமும் மங்கிவிடும்.

கறுப்புக் கோட்டு போட்டவரை எடுத்தால் நேர்மாறு. வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி, அளவுக்கு மேல் கொட்டிவிடும். முகம் வெளுத்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. காமிராவில் "கூட்டல்", "கழித்தல்" அடையாளம் போட்ட ஒரு வசதி உண்டு. வெள்ளை அதிகமானால் பிளாஷைக் கொஞ்சம் கூட்டவேண்டும். கறுப்பு அதிகமானால் கொஞ்சம் குறைக்கவேண்டும்.

வெளிச்சத்தை அளப்பது காமிராவின் வேலை. எதிரே இருப்பது வெள்ளைப் புடவை என்று எடுத்துச் சொல்வது எடுப்பவரின் வேலை. இருவரும் ஒத்துழைத்தால், பாட்டியின் புடவை வெள்ளையாகவே இருக்கும். அவள் சிரிப்பும் அப்படியே நிற்கும்!